அரங்கினும் ஒத்திகை இனிது!

மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவி

நாடகம் எப்போது தொடங்குகின்றது என்று கேட்டால், திரை விலகும்போது என்பார்கள். சென்ற கார்த்திகை வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நம் கல்லூரி ஆண்டு விழாவில் ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்தை ஒன்றேகால் மணி நேரமாகச் சுருக்கி ஆடினோம் அல்லவா? அதில் பொன்னுருவியாக வேடமேற்றவள் நான். பார்த்தவர்களுள் பலர் பாராட்டினீர்கள். சிலர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தீர்கள். இரு சாராருக்கும் நன்றி. ஆனால் நீங்கள் பார்த்தது ஒன்றேகால் மணி நேரம். நாங்கள் அதில் வாழ்ந்தது மூன்று மாதம். அந்த மூன்று மாதமே கலை, விழா நாள் அதன் வால் என்பது என் துணிபு. மிகையாகத் தோன்றினால், முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

முதலில் ஒரு மனத்தடையை நீக்கிவிடுகின்றேன். கூத்து என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றோம். ‘கூத்தாடி’ என்பது நம் ஊர்ப்பக்கம் வசைச்சொல். அதே நாம், ‘ஓபரா’ என்று ஒருவர் சொன்னால் நிமிர்ந்து உட்காருகின்றோம்! ஓபரா என்பதுதான் என்ன? கதை முழுவதையும் பாட்டாகவே நடத்திச் செல்லும் நாடகம். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர் சிலர், பழங்கிரேக்கர் தம் நாடகங்களைப் பாடியே நடித்திருக்க வேண்டும் என்று கருதி, மறைந்துபோன அந்த முறையை மீட்க முயன்றார்கள். அம்முயற்சியிலே பிறந்தது ஓபரா. 1600-ல் அந்நகரில் அரங்கேறிய பெரியின் ‘யூரிடிசே’, 1607-ல் மாண்டுவா நகரில் அரங்கேறிய மாண்டிவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ ஆகியவை அதன் தொடக்ககால நாடகங்கள்.

நம்மிடம் மீட்பதற்கு ஒன்றும் மறைந்துபோகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் இராமாயணத்தையே கீர்த்தனை நாடகமாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடினார். அவருக்குப்பின் வந்த சங்கரதாஸ் சுவாமிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி, சிறுவர்களை வரிசையாக உட்காரவைத்து அடியடியாகப் பாடம் சொல்லி, 1922-ல் நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் மறைந்தார். இவர்கள் எல்லாரையும் விடுங்கள். செஞ்சிக்கும் மயிலத்துக்கும் நடுவே ஏதாவதொரு திரௌபதி அம்மன் கோயில் திடலில், கோடையில் ஓர் இரவு போய் உட்காருங்கள். ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம் நான்கும் பின்னால் பலகையிலே அமர்ந்திருக்க, முன்னால் ஒருவர் விருத்தம் பாடி, தரு பாடி, வசனம் பேசி, மறுபடி தருவுக்கு ஏறுவார். பின்பாட்டுக்காரர்கள் அவர் அடியை வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு ஏறிய சுருதி விடியும்வரை இறங்காது. இது ஓபரா இல்லையென்றால் வேறெது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் ஆங்கிலத்துறைப் பேராசிரியர். அவர்தாம் எங்களைக் கூத்தின் பக்கம் திருப்பிவிட்டார். விழுப்புரத்திலிருந்து ஐவர், திண்டிவனம் பக்கத்திலிருந்து எழுவர், ஆகப் பன்னிருவர் சேர்ந்தோம். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரை அழைத்து வந்தார்கள். மாசி முடிந்து பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் அவருக்குப் பாரதக் கூத்து, பேச நேரமிருக்காது. மழைமாதங்களில்தாம் ஓய்வு. அதனால் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள் மாலையும் பேருந்தேறி வந்து கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் நாங்கள் ‘ஒத்திகை’ என்றதும் அவர் சிரித்துவிட்டார். “எங்க ஜமாவுல ஒத்திகைன்னு ஒண்ணு கெடையாதும்மா. வருசத்துக்கு நூறு ராத்திரி ஆடறோமே, அதுதான் ஒத்திகை” என்றார். பின்பு அவரே, ஊர்க்காரர்கள் தாங்களே வேடங்கட்ட ஆசைப்பட்டால் ஒரு வாத்தியாரை வைத்து, கழனி வேலை முடிந்த இரவுகளில் இரண்டு மூன்று மாதம் பழகி அரங்கேற்றுவதுண்டு என்றார். “அதுக்குப் பழக்கம்னு பேரு.” எனக்கு ஒத்திகையைவிட அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. பாட்டைப் பழகுகின்றோம்; கூடவே ஆளும் ஆளும் பழகுகின்றோம்.

பாடம் சொல்லும் முறை எங்கள் படிப்புக்கு நேர்மாறாக இருந்தது. அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. மூலைகள் மழுங்கி, எண்ணெய் ஏறியிருக்கும். அதை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, தொட்டுக் கும்பிட்டு, மடியில் வைத்துக்கொள்வார். மூன்று மாதத்தில் அதைத் திறந்து நான் பார்த்தது இரண்டே முறை. அவர் ஓர் அடி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். எழுதிக்கொள்ளக் கூடாது. “ஏட்டப் பாத்துக்கினு இருந்தா எதுர்ல நிக்கறவன எப்பப் பாப்பே?” என்பார். கர்ணனாக நடித்த நண்பர் சாமர்த்தியமாகக் கைப்பேசியிலே பதிவு செய்துகொண்டு போனார். அடுத்த வகுப்பில் அந்தப் பதிவை அச்சுப் பிசகாமல் பாடிக் காட்டினார். வாத்தியாரோ அன்றைக்கு அதே தருவை வேறு நடையில் பாடினார்! “அது அன்னிக்குக் கர்ணன். இன்னிக்கு அவன் களைச்சிருக்கான்” என்றார். நண்பர் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

சுருதியில்தான் முதல் தோல்வி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திடலின் கடைசியில் மாட்டுவண்டியிலே உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்று ஏற்பட்ட சுருதி அது. முதல் வாரம் எங்கள் ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் குரலும் உடைந்து, கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் வெந்நீர் கேட்டு வரிசையில் நின்றார்கள். நெஞ்சிலிருந்து கத்துவது வேறு, அடிவயிற்றிலிருந்து எழுப்புவது வேறு என்பதை அவர்கள் அறியப் பொங்கல் ஆயிற்று. அப்புறம் ஆட்டம். கர்ணன் ‘கட்டை வேஷம்’. கிரீடம், மார்பதக்கம், தோளில் புஜகீர்த்தி எல்லாம் மரத்திலே செய்து கண்ணாடிச் சில்லு பதித்தவை. அந்தக் கனத்தோடு சுழன்றாட வேண்டும். உண்மையான அணிகள் விழாவுக்கு முந்தைய நாள்தான் வரும் என்பதால், உடைந்த மேசையின் பலகைகள் இரண்டைக் கயிற்றால் தோளிலே கட்டிக்கொண்டு அவர் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் சுழன்றார். அவ்வழியே வந்த இயற்பியல் பேராசிரியர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, பலகைகளின் எடை சமமாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் நிலை வேறு விதம். கூத்திலே பெண் வேடத்தைக் காலங்காலமாக ஆண்களே கட்டியிருக்கிறார்கள். வாத்தியாருடைய ஜமாவிலும் பெண்கள் இல்லை. “பொம்பள வேசத்த ஒரு பொம்பளைக்குச் சொல்லித் தர்றது இதுதான் மொத தடவை” என்று அவரே கூச்சப்பட்டார். பெண்ணாகப் பிறந்து இருபது ஆண்டுகள் நடந்துகொண்டிருக்கும் எனக்கு, பெண்போல நடப்பது எப்படி என்று நான்கு நாள் கற்றுக்கொடுத்தார். நான் கற்றுக்கொண்டேன் என்பதுதான் வேடிக்கை!

ஓபராக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். பாடகர்கள் தனியாகவும் வாத்தியக்காரர்கள் தனியாகவும் பல நாள் பழகிவிட்டு, ஒருநாள் முதன்முதலாக ஒன்றுசேர்வார்கள். வேடமில்லை, நடிப்பில்லை, உட்கார்ந்தபடியே முழு நாடகத்தையும் பாடிப் பார்ப்பார்கள். ஜெர்மன் மொழியில் ‘சிட்ஸ்ப்ரோபெ’, அதாவது உட்கார்ந்து பார்க்கும் ஒத்திகை என்று அதற்குப் பெயராம். ஆங்கிலப் பேராசிரியர் இதைச் சொன்னபோது, புத்தகச் செய்தி என்று கேட்டுக்கொண்டோம். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வாத்தியார் தம் ஜமாவிலிருந்து மத்தளக்காரரையும் முகவீணைக்காரரையும் கூட்டிவந்தார். அதுவரை வாயால் தாளம் சொல்லிப் பழகியிருந்த நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம். கர்ணன் திரை விருத்தத்தை முடித்த இடத்தில், அந்தச் சின்னஞ்சிறு முகவீணை அவர் விட்ட மூச்சை எடுத்துக்கொண்டு மேலே போயிற்று. கர்ணன் அடுத்த அடியை மறந்து வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைக் கோபிக்கவில்லை. வாத்தியார்கூட, “கேளு, நல்லா கேளு, அப்பறம் பாடலாம்” என்றார். மேடையிலே இப்படி மறந்து நிற்க முடியுமா? ஒத்திகையிலேதான் முடியும்.

வகுப்பு முடிந்தாலும் பழக்கம் முடியாது. திண்டிவனத்துக்காரர்கள் எழுவரும் ஒரே பயணிகள் வண்டியில் திரும்புவோம். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலையின் பாகு வாசனை, விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வண்டி நின்று நின்று போகும். நாங்கள் இருக்கையைத் தட்டிப் பின்பாட்டைப் பாடிக்கொண்டே போவோம். ஆரம்பத்தில் பயணிகள் முறைத்தார்கள். பிறகு இடம் பிடித்து வைத்தார்கள். மார்கழியில் ஒரு நாள், காலிக்கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி, “இன்னிக்கா கர்ணன் சாவறான்?” என்று கேட்டாள். “இல்ல பாட்டி, இப்போ பழகறோம். மாசியிலதான் ஆட்டம்” என்றேன். பாட்டி விரல்விட்டு எண்ணினாள். “அப்ப இன்னும் ரெண்டு மாசம் உசுரோட இருப்பான்” என்று சொல்லிவிட்டுப் பேரணியில் இறங்கிப் போய்விட்டாள்.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று நான் பல நாள் தயங்கிய செய்தி.

வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் நம் திருமுனைப்பாடி நாட்டவர். கர்ணன் அவர் கையிலும் பெருமையுடையவன்தான். ஆனால் கூத்துக் கர்ணனுக்கு வீட்டிலே ஒரு துயரம் உண்டு. போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகின்றான். அவளோ, குலம் தெரியாதவன், தேரோட்டி வீட்டிலே வளர்ந்தவன் என்று அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கின்றாள். அந்த இகழ்ச்சித் தரு என்னிடம் வந்தபோதெல்லாம் என் குரல் உள்ளே போயிற்று. “இன்னாம்மா, சேதி சொல்ற மாதிரி பாடறே? அவனக் கூசவைக்கணும்” என்பார் வாத்தியார். கூசியவள் நான்தான். காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

என் தந்தை கூத்தாடி. பெண் வேடத்துக்குப் பெயர் பெற்றவர். என் தமக்கைக்கு மணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார், “கூத்தாடி வீடு” என்று ஒரு சொல் சொன்னார்கள். அன்றைக்குச் சலங்கையைக் கழற்றியவர், அதன்பின் பதினோரு ஆண்டுகள் பாடவில்லை. திண்டிவனத்தில் ஒரு மண்டியிலே மூட்டை எடைபோடுகின்றார். பள்ளியிலிருந்து கல்லூரி வரை எந்தப் படிவத்திலும் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘விவசாயம்’ என்றே எழுதி வந்திருக்கின்றேன். எங்களுக்கு நிலம் கிடையாது.

மார்கழி இரவொன்றில் வீட்டில் அந்தத் தருவைத் தாழ்ந்த குரலில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் அடி மேலேறும் இடத்தில் எப்போதும்போல் சறுக்கினேன். திண்ணையில் படுத்திருந்த அப்பா, இருட்டிலிருந்து அந்த அடியைப் பாடினார். ஒரே அடிதான். அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டாள். “மூச்ச அங்க வுடாத பாப்பா. அடுத்த அடிக்குத் தாண்டி வுடு” என்றார் அப்பா. பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மறுநாள் அவ்வாறே பாடினேன். வாத்தியார் தாளத்தை நிறுத்தினார். “இந்த எடத்துல மூச்சு வுடச் சொன்னது யாரு?” பன்னிரண்டு பேர் நடுவில் நிற்கின்றேன். பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு நல்ல பழக்கம் உண்டு. “எங்க அப்பா” என்றேன். பெயர் கேட்டார், சொன்னேன். அவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். “அவரு கட்டின பொன்னுருவியப் பாக்க நான் ஆறு மைலு நடந்து போயிருக்கேன்” என்றார். நண்பர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கட்டியக்காரனாக நடித்தவர் மட்டும், இத்தனை நாள் இதை மறைத்ததற்குத் தண்டம் என்று எல்லாருக்கும் தேநீர் வாங்கிக்கொடுக்கச் செய்தார். பன்னிரண்டு தேநீர்!

கடைசி நான்கு ஒத்திகைகளுக்கு அப்பா வந்தார். மண்டியில் பாதி நாள் விடுப்புக் கேட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் மூன்று முறை கேட்டபின் எழுந்து, பொன்னுருவி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விதத்தை ஒரு முறை செய்து காட்டினார். தலையில் நரையும் முகத்தில் மூன்று நாள் தாடியும் உள்ள அந்த மனிதரில் அரைக்கணம் ஓர் அரசகுமாரி தெரிந்தாள். அதை நீங்கள் பார்க்கவில்லை. விழா மேடையில் அது இல்லை. நான் செய்தது அதன் நிழல்.

இனி என் வழக்கைச் சொல்கின்றேன். ஆண்டு விழாவின் முதற்பட்டியலில் எங்களுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. மன்றாடி ஒன்றேகால் மணி வாங்கினோம். அதற்காக நான் யாரையும் குறை கூறவில்லை. நாற்பது நிகழ்ச்சிகளை ஒரு மாலைக்குள் அடைக்க வேண்டியவர்கள் வேறென்ன செய்வார்கள்? என் கேள்வி வேறு. கலைக்கு நாம் ஒதுக்குவதெல்லாம் ஏன் மேடை நேரமாகவே இருக்கின்றது? மேடை, ஒலிபெருக்கி, பரிசுக்கோப்பை எல்லாவற்றுக்கும் பணம் இருக்கின்றது. பழகுவதற்கு ஓர் அறையும் வாரத்தில் மூன்று மாலையும் கேட்டால், ‘விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே’ என்கின்றோம். பதிவு செய்த பாட்டுக்கு மூன்று நாளில் ஆடிவிடலாம். அதில் எனக்கு விரோதமில்லை, நானும் ஆடியிருக்கின்றேன். ஆனால் அதில் ஒருவர் மூச்சை மற்றொருவர் வாங்கிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நம் தமிழ்ப் பேராசிரியர்கள் எத்தனையோ முறை நடத்தியிருப்பார்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகின்றாள். அந்தக் காதையில் இளங்கோவடிகள் பெரும்பகுதி இடத்தை ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் கவிஞனுக்கும் தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்களுக்கும் அரங்கின் அளவுகளுக்குமே கொடுத்திருக்கின்றார். ஆட்டம் கடைசியில்தான் வருகின்றது. வள்ளுவரோ, செல்வம் போவதற்குக் கூத்து முடிந்ததும் கலைந்து போகும் கூட்டத்தை உவமை காட்டினார். பார்க்க வந்தவர்கள் கலைந்துபோவது இயல்பு, பழகியவர்கள் கலைவதில்லை. அதை அவர் பாடாமல் விட்டுவிட்டார் என்று நான் சொன்னால் தமிழ்த்துறை என்னை மன்னிக்க வேண்டும்!

படிப்புக் கெடும் என்பார்கள். எங்கள் பன்னிருவரில் இருவர் அந்தப் பருவத்தில் ஒவ்வொரு தாளில் தவறியது உண்மை. அதற்கு முந்தைய பருவத்திலும் அவர்கள் தவறியிருந்தார்கள் என்பதும் உண்மை. பெண்பிள்ளைகள் பொழுது சாய்ந்து வீடு திரும்பலாமா என்றும் கேட்டார்கள். அது நியாயமான கவலை. எழுவரும் ஒரே பெட்டியில் ஏறி, நிலையத்திலிருந்து ஒவ்வொருவரையும் வீட்டில் விட்டுவிட்டே போனோம். கூத்தினால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, இதே விழுப்புரத்தில் 1928-ல் பிறந்த ஒரு சிறுவர் நாடகக் குழுவிலே சேர்ந்து பாட்டும் ஆட்டமும் பழகி, 1952-ல் ‘பராசக்தி’யில் தோன்றிய கதையைச் சொல்லலாம். சிவாஜி கணேசன் ஆகாதவர்களுக்கு என்ன பயன் என்று திருப்பிக் கேட்பீர்கள். நியாயந்தான். நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன்: இவ்வாண்டுத் தேர்வு விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் சரியானதை எழுதினேன்.

விழா நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒலிபெருக்கி இருமுறை ஊளையிட்டது. சல்லியன் ஓரடியை விழுங்கினார். என் குரல் மேலேறும் இடத்தில் சறுக்கவில்லை. கர்ணன் இறந்தான், கைதட்டினீர்கள். அப்பா வரவில்லை. இரவு வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “ஒத்திகைதான் பாத்துட்டேனே” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏதோ நினைவாகச் சைக்கிள் கொட்டகைக்குப் போனேன். அங்கே கர்ணனும் கட்டியக்காரனும் இன்னும் நால்வரும் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் இவ்வாண்டோடு விடைபெறுகின்றேன். முதலாம் இரண்டாம் ஆண்டு நண்பர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. வாத்தியாரிடம் பேசியாயிற்று. ஆடித் திருவிழாக்கள் முடிந்ததும் ஆவணி முதல் வாரத்திலிருந்து வர அவருக்குச் சம்மதம். என் தந்தையும் சனிக்கிழமைகளில் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். ‘அர்ச்சுனன் தபசு’ எடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இம்முறை உண்மையான எடையுள்ள பலகைகளை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் துறையில் தராசு இருக்கின்றது.